நீரோட்டமும் கடலடியில் வடிகட்டி உண்ணும் உயிர்களும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கடலடியில் ஓரிடத்தில் ஒட்டிக்கொண்டு, பக்கத்தில் ஓடும் தண்ணீரிலிருந்தே உணவை எடுத்து வாழும் உயிர்கள் ஏராளம். அவற்றைப் பற்றி மாணவர்களும் முக்குளிப்பவர்களும் வழக்கமாகக் கேட்கும் கேள்விகள் இங்கே இருக்கின்றன. முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடலாம். கடலில் ஓட்டம் எவ்வளவு வேகம் என்று தெரிந்தால் மட்டும் இந்த உயிர்களைப் புரிந்துகொள்ள முடியாது. தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில், எந்தக் கோணத்தில் அந்த ஓட்டத்துக்கு உடம்பைக் கொடுக்கின்றன என்பதில்தான் அவற்றின் பிழைப்பு இருக்கிறது.

வடிகட்டி உண்ணும் உயிர்கள் என்றால் யார் யார்?

கடற்பஞ்சு, ஆளி எனப்படும் ஆய்ஸ்டர் சிப்பி, மசல் எனப்படும் பாறைச் சிப்பி, முத்துச்சிப்பி, படகின் அடியில் பிடித்துக்கொள்ளும் கொட்டலசு, கடல் விசிறி, கடல் பேனா, கடல் அல்லி, குழாய் கட்டி வாழும் பலவகைப் புழுக்கள், தொட்டால் தண்ணீரைப் பீச்சும் அசிடியன்கள். ஒன்றுக்கொன்று உறவே இல்லாத கூட்டம் இது. கொட்டலசு இறால், நண்டின் இனம். கடல் அல்லி நட்சத்திர மீனின் இனம். அசிடியனோ முதுகெலும்புள்ள நமக்குத்தான் தூரத்துச் சொந்தம். இவற்றை ஒன்றாகச் சேர்ப்பது தொழில் ஒன்றுதான்: தண்ணீரில் மிதக்கும் நுண்பாசி, பாக்டீரியா, குட்டி விலங்குகள், அழுகிய துகள்கள் ஆகியவற்றைப் பிரித்தெடுத்துத் தின்பது.

இவற்றில் இரண்டு வகை உண்டு. மசல், ஆளி, கடற்பஞ்சு, அசிடியன் போன்றவை தாமே தண்ணீரை உள்ளே இறைத்து வடிகட்டும். கடல் விசிறியும் கடல் அல்லியும் தம் கிளைகளை ஓட்டத்தில் நீட்டி வைத்துவிட்டு, வருவதைப் பிடிக்கும். இரண்டுக்கும் நடுவில் இருப்பவையும் உண்டு. கொட்டலசு அப்படித்தான். அதற்குக் கீழே தனிக் கேள்வியே இருக்கிறது.

தானே தண்ணீரை இறைக்கும் சிப்பிக்கு நீரோட்டம் எதற்கு?

இறைத்த தண்ணீரையே மறுபடி இறைத்து என்ன பயன்? அமெரிக்கக் கிழக்குக் கரையின் ஆளி ஒன்று, வெப்பமும் மற்றவையும் சாதகமாக இருந்தால், ஒரு நாளில் 190 லிட்டர் வரை வடிகட்டும் என்று சொல்வார்கள். இது உச்ச அளவு. சாதாரண நாளில் இதைவிடக் குறைவுதான். அப்படிப்பட்ட உயிர்கள் ஒரு சதுர மீட்டரில் நூற்றுக்கணக்கில் நெருக்கிக்கொண்டிருந்தால், ஓட்டம் இல்லாத நேரத்தில் படுகைக்கு மேலே உள்ள தண்ணீர் சீக்கிரமே உணவற்றதாகிவிடும். கனடாவின் செயின்ட் லாரன்ஸ் கழிமுகத்தில் மசல் படுகைகளை ஆராய்ந்தபோது இதைத்தான் கண்டார்கள். மேலே தண்ணீரில் நுண்பாசி நிறைய இருந்தது. படுகையை ஒட்டிய அடுக்கில் மட்டும் குறைந்துபோயிருந்தது. கடலில் சாப்பாட்டுக்குப் பஞ்சமில்லை, சிப்பியின் வாய்க்கு எட்டும் இடத்தில்தான் பஞ்சம்.

மேலேயுள்ள உணவைக் கீழே கொண்டுவந்து சேர்ப்பது ஓட்டத்தில் எழும் கலக்கமும் சுழல்களும். கழிவை அள்ளிக்கொண்டு போவதும், ஆக்சிஜனைக் கொண்டுவருவதும் அவைதான்.

கடலில் ஓட்டம் பலமாக இருந்தால் தரையிலும் அப்படித்தானே இருக்கும்?

இல்லை. ஓடும் நீர் எந்தப் பரப்பைத் தொட்டாலும், தொட்ட இடத்தில் அதன் வேகம் பூஜ்யம். அங்கிருந்து மேலே போகப் போகத்தான் வேகம் கூடும். இந்த மெதுவான பகுதியை எல்லைப் படலம் என்பார்கள். தரையிலிருந்து ஒரு மீட்டர் உயரத்தில் நொடிக்கு 30 சென்டிமீட்டர் வேகத்தில் நீர் ஓடினாலும், தரைக்கு ஒரு சென்டிமீட்டர் மேலே அதைவிட மிகக் குறைவாகவே இருக்கும்.

இந்த ஒரு விஷயம் எத்தனை உடல்களை வடிவமைத்திருக்கிறது பாருங்கள். கடல் அல்லிக்குத் தண்டு எதற்கு? மெதுவான நீரைத் தாண்டி, வேகமான நீரில் தலையை வைப்பதற்கு. கடல் பேனா சேற்றில் காலை ஊன்றி நிமிர்ந்து நிற்பதும் அதற்கே. கடல் அல்லியின் நெருங்கிய சொந்தமான, தண்டு இல்லாத இறகு நட்சத்திரம் வேறு வழி கண்டிருக்கிறது. பாறையின் உச்சிக்கோ, பெரிய கடற்பஞ்சின் விளிம்புக்கோ, கடல் விசிறியின் நுனிக்கோ ஏறி உட்கார்ந்துகொள்ளும். முக்குளிக்கும்போது கடல் விசிறியின் மேல் ஐந்தாறு இறகு நட்சத்திரங்கள் தொற்றிக்கொண்டிருப்பதைப் பார்த்தால் காரணம் இதுதான்.

உயரமாக நிற்பதில் ஆபத்தும் இருக்கிறது. நீரின் இழுவை வேகத்தின் இருமடிக்கு ஏற்பக் கூடும். வேகம் இரண்டு மடங்கானால் இழுவை நான்கு மடங்கு. தண்ணீர் காற்றைப்போல் 800 மடங்குக்கு மேல் அடர்த்தி கொண்டது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

வடிகட்டுவது என்றால் சல்லடை மாதிரியா?

பலரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். சில உயிர்களுக்கு அது பொருந்தும். ஆனால் பல உயிர்கள் தம் இழைகளுக்கு இடையே உள்ள இடைவெளியைவிடச் சின்னத் துகள்களையும் பிடிக்கின்றன. 1977இல் ரூபன்ஸ்டைன், மிமி கோல் ஆகிய இரு ஆய்வாளர்கள் காற்றுவடிப்பான்களின் இயற்பியலை இந்த உயிர்களுக்குப் பொருத்திப் பார்த்து இதை விளக்கினார்கள். மெல்லிய இழையின் அளவில் தண்ணீர் தேன் மாதிரி கெட்டியாக நடந்துகொள்கிறது. அது இழையைச் சுற்றி வழுக்கிக்கொண்டு போகும். அந்த நீர்க்கோட்டில் வரும் துகள் இழைக்கு மிக அருகில் வந்தால் உரசி ஒட்டிக்கொள்ளும். கனமான துகள் நீரோடு சேர்ந்து வளைய முடியாமல் நேராகப் போய் மோதும். சில துகள்கள் தம் எடையால் இழைமீது படியும். மிக நுண்ணியவை தாறுமாறாக அலைந்து தற்செயலாகத் தொடும்.

எந்த வழி எடுபடும் என்பது துகளின் அளவையும் ஓட்டத்தின் வேகத்தையும் பொறுத்தது. ஆகவே வேகம் மாறினால் எவ்வளவு உணவு கிடைக்கிறது என்பதோடு எந்த உணவு கிடைக்கிறது என்பதும் மாறிவிடும்.

கொட்டலசு எப்படிச் சாப்பிடுகிறது? ஓடு மூடியே கிடக்கிறதே?

தண்ணீருக்குள் இருக்கும்போது பாருங்கள். மேல் கதவு திறந்து, சீப்பு வடிவில் ஒரு கொத்து வெளியே வந்து தண்ணீரைத் துழாவிவிட்டு உள்ளே போகும். அவை அதன் கால்கள். தலையைப் பாறையில் ஒட்டிக்கொண்டு, மல்லாந்து படுத்து, ஆறு ஜோடிக் கால்களால் சாப்பாட்டை வாய்க்குள் தள்ளுகிற வாழ்க்கை. சார்லஸ் டார்வின் 1846 முதல் 1854 வரை எட்டு ஆண்டுகளை இந்த உயிரினத்தோடு கழித்தார் என்பது நம்மில் பலருக்குத் தெரியாது.

நீர் நிற்கும்போது கொட்டலசு கால்களைத் தாளம் தவறாமல் வீசும். ஓட்டம் கூடினால் வீசுவதை நிறுத்திவிட்டு, கால்களை விரித்து அப்படியே பிடித்திருக்கும். வேலையை ஓட்டம் செய்துவிடுகிறது, எதற்கு வீணாகக் கை வலிக்க, இல்லை, கால் வலிக்க? அலையில் நீர் முன்னும் பின்னுமாகப் போகும் இடங்களில், ஓட்டம் திரும்பும் ஒவ்வொரு முறையும் விசிறியைச் சட்டென்று எதிர்ப்பக்கம் திருப்பிக்கொள்ளும் இனங்களும் உண்டு.

இதைவிடச் சுவையான செய்தி கனடாவின் மேற்குக் கரையில், வான்கூவர் தீவின் பார்க்லி சவுண்ட் பகுதியிலிருந்து வந்தது. ஒரே இனக் கொட்டலசுக்கு அமைதியான கரையில் கால்கள் நீளமாகவும் மெலிதாகவும் இருந்தன. அலை அறையும் கரையில் குட்டையாகவும் தடிப்பாகவும் இருந்தன. பரம்பரை வித்தியாசமாக இருக்குமோ என்று ஓரிடத்தில் இருந்தவற்றை இன்னோரிடத்துக்கு மாற்றி வைத்துப் பார்த்தார்கள். சில வாரங்களிலேயே புதிய இடத்துக்கு ஏற்ற கால்கள் வளர்ந்துவிட்டன. கொட்டலசு தோலுரிக்கும் உயிர் என்பதால், ஒவ்வொரு உரிப்பின்போதும் கால் அளவைத் திருத்திக்கொள்ள முடிகிறது. முழு வளர்ச்சியடைந்த, பாறையில் சிமென்ட் போட்டுக்கொண்ட விலங்கு இப்படி மாறும் என்று யாரும் எதிர்பார்த்திருக்க மாட்டார்கள்.

இனப்பெருக்க உறுப்பிலும் இதே கதை. நகர முடியாத கொட்டலசு பக்கத்து வீட்டாரை எட்டுவதற்கு, உடல் அளவோடு ஒப்பிட்டால் விலங்குலகிலேயே மிக நீளமான ஆணுறுப்பை வைத்திருக்கிறது. அலை பலமான கரைகளில் அதுவும் குட்டையாகவும் தடிமனாகவும் இருப்பதை 2008இல் அதே பகுதியில் ஆராய்ந்தவர்கள் காட்டினார்கள். அமைதியான தண்ணீரில் நீளம் லாபம். கொந்தளிக்கும் தண்ணீரில் நீளமானதைக் குறி பார்த்துச் செலுத்தவே முடியாது.

கடல் விசிறி ஏன் தட்டையாக இருக்கிறது? எல்லாம் ஒரே திசையைப் பார்க்கின்றனவே?

ஓட்டத்துக்குக் குறுக்கே நின்றால், கிளைகளில் வரிசையாக வாழும் பாலிப் எனும் குட்டி உயிர்கள் ஒவ்வொன்றுக்கும் புது நீர் கிடைக்கும். ஓட்டத்தின் போக்கிலேயே நீளவாக்கில் நின்றால் முன்னால் இருப்பவை தின்ற மிச்சம்தான் பின்னால் இருப்பவற்றுக்கு. 1969இல் வெயின்ரைட், டில்லன் ஆகியோர் ஃபுளோரிடாப் பகுதியில் கடல் விசிறிகளின் கோணங்களை அளந்தபோது, சிறியவை கண்டபடி நிற்பதையும், பெரியவை மட்டும் ஓட்டத்துக்குக் குறுக்காக ஒழுங்காக நிற்பதையும் கண்டார்கள். கோணல் பிடித்து வளரும் விசிறியை நீர் முறுக்கிக்கொண்டே இருக்கும், குறுக்காக நிற்கும்போது முறுக்கு தணியும், அதனால் வளர வளர அந்த நிலைக்கு வந்து சேர்கிறது என்பது விளக்கம். அனுபவமுள்ள முக்குளிப்பாளர்கள் புதிய இடத்தில் இறங்கினால் விசிறிகளைப் பார்த்தே ஓட்டத்தின் திசையைச் சொல்லிவிடுவார்கள். ஆழம் குறைந்த இடத்தில் அலையே முன்னும் பின்னும் தள்ளுவதால், விசிறிகள் பெரும்பாலும் கரைக்கு இணையாக நிற்கும்.

கடல் அல்லியின் கதை இதற்குப் பக்கத்தில் வைக்க வேண்டியது. மேலிருந்து மழையாக விழும் துகள்களைக் கிண்ணம்போல் கைகளை விரித்து ஏந்துகிறது என்றுதான் நெடுங்காலம் எழுதிவந்தார்கள். இறந்த மாதிரிகளையும் புதைபடிவங்களையும் மட்டுமே பார்த்தால் அப்படித்தான் தோன்றும். 1970களில் ஜமைக்காவுக்கு அருகே நீர்மூழ்கியில் இறங்கிப் படம் எடுத்தபோது பார்த்தால், கைகளை ஓட்டத்தை நோக்கிப் பின்னால் வளைத்து, பக்கவாட்டில் ஒரு விசிறியாக்கி, வாயை ஓட்டம் போகும் திசையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தன. ஓட்டத்துக்கு முகத்தைக் காட்டாமல் முதுகைக் காட்டி நிற்கிறது. கைகளைத் தாண்டிய நீர் வேகம் குறைந்து சுழலும் பக்கத்தில்தான் பிடிக்கும் குழாய்க்கால்கள் இருக்கின்றன.

அப்படியானால் ஓட்டம் எவ்வளவு அதிகமோ அவ்வளவு நல்லதா?

இதுதான் நான் அதிகம் சந்திக்கும் தவறான எண்ணம். குறைந்த வேகத்தில் உணவு வந்து சேராது. அதிக வேகத்தில் கிளைகள் மடங்கிவிடும், துகள் ஒட்டினாலும் அடித்துக்கொண்டு போய்விடும், சிப்பியின் உள்வாய்க்கும் வெளிவாய்க்கும் இடையே அழுத்தம் குழம்பிவிடும். ஒவ்வொரு இனத்துக்கும் நடுவில் ஒரு வரம்பு இருக்கிறது. அந்த வரம்பைத் தாண்டினால் என்ன செய்வது என்பதற்கு ஒவ்வொன்றும் ஒரு வழி வைத்திருக்கிறது.

வட அமெரிக்காவின் பசிபிக் கரையில் வாழும் மணல் டாலர், அதாவது வட்டத் தட்டுப்போன்ற கடல் முள்ளெலி, அமைதியான நேரத்தில் மணலில் பாதி புதைந்து, தட்டை நிமிர்த்தி நிற்கும். கூட்டம் கூட்டமாக, ஓட்டத்துக்கு விளிம்பைக் காட்டிக்கொண்டு. கொந்தளிப்பு வந்தால் படுத்துவிடும். குட்டிகளுக்கு எடை போதாது என்பதால் கனமான இரும்புத்தாது மணலைத் தேடிப் பொறுக்கி விழுங்கி வயிற்றில் வைத்துக்கொள்கின்றன. முக்குளிப்பவர்கள் இடுப்பில் ஈயக்கட்டி கட்டிக்கொள்கிறோமே, அதே வேலை.

ஆங்கிலக் கால்வாயின் அடியில் ஒரு சதுர மீட்டரில் ஆயிரத்துக்கு மேல் நெருங்கி வாழும் பாம்பு நட்சத்திரங்கள் மிதமான ஓட்டத்தில் கைகளை மேலே தூக்கி நிற்கும். ஓட்டம் பலத்தால் கைகளை இறக்கி ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும்.

கடல் சாமந்தியில் மிமி கோல் கண்டது எனக்கு மிகவும் பிடித்த எடுத்துக்காட்டு. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலக் கரையில் இரண்டு இனங்களை எடுத்துக்கொண்டார். ஒன்று அமைதியான நீரில் நெட்டையாக நின்று மிதவை உயிரிகளைப் பிடிப்பது. இன்னொன்று அலை சீறிப்பாயும் பாறை இடுக்குகளில் குட்டையாக உட்கார்ந்து, அலை பெயர்த்துத் தள்ளும் மசல்களை விழுங்குவது. இரண்டின் மேலும் விழும் இழுவையை அளந்தால் ஏறத்தாழ ஒரே அளவில் வந்தது! வெறும் கண்ணுக்கு ஒன்று சொர்க்கத்திலும் மற்றொன்று நரகத்திலும் இருக்கின்றன. நெட்டையானது ஓட்டத்துக்குள் தலையை நீட்டுகிறது, குட்டையானது ஓட்டத்துக்கு அடியில் பதுங்குகிறது. அவ்வளவுதான் விஷயம்.

அப்புறம், எதிர்ப்பக்கமும் ஒன்று உண்டு. சேற்றுத்தரையில் வாழும் சில புழுக்கள், ஓட்டம் மெதுவாக இருக்கும்போது உணர்கொம்பால் தரையில் படிந்ததை நக்கித் தின்னும். ஓட்டம் எழுந்ததும் அதே கொம்பைச் சுருள் கம்பியாகச் சுருட்டி நீரில் நீட்டி, வருவதைப் பிடிக்கத் தொடங்கிவிடும்.

கடற்பஞ்சு நீரை இறைப்பதற்கு ஓட்டம் உதவுகிறது என்கிறார்களே?

ஆம், ஓரளவுக்கு. கடற்பஞ்சின் உடம்பெங்கும் சிறு துளைகள். உள்ளே கசையிழை, அதாவது சாட்டைபோல் ஆடும் நுண்ணிய இழை கொண்ட செல்கள் நீரை இழுத்து, வடிகட்டி, உச்சியில் உள்ள பெரிய வாயால் வெளியேற்றும். ஒரு நாளில் தன் உடலின் கொள்ளளவைப்போல் பல ஆயிரம் மடங்கு நீரை இப்படிக் கடத்தும். ஸ்டீவன் வோகல் என்ற அமெரிக்க உயிரியலாளர் 1970களில் ஒரு கேள்வி கேட்டார்: உச்சிவாய் உயரத்தில், வேகமான நீரில் இருக்கிறது; பக்கத்துளைகள் கீழே, மெதுவான நீரில் இருக்கின்றன; வேகம் கூடும் இடத்தில் அழுத்தம் குறையும் என்றால், ஓட்டமே நீரை உள்ளிருந்து உறிஞ்சாதா? வெளியே ஓட்டம் கூடியபோது கடற்பஞ்சின் வழியே போகும் நீரும் கூடியதை அவர் கடலில் வாழும் கடற்பஞ்சுகளிலேயே அளந்து காட்டினார்.

இதை எல்லாக் கடற்பஞ்சுக்கும் பொதுவாக்கிவிடக் கூடாது. உள்தடம் குறுகலாகவும் இறுக்கமாகவும் உள்ள இனங்களில் ஓட்டத்தின் உதவி சொற்பம். ஆழ்கடல் கண்ணாடிக் கடற்பஞ்சுகளில், உள்ளே பெரிய குழி இருப்பதால், உதவி கணிசம். உணவு குறைவான ஆழத்தில் இறைக்கும் செலவில் கொஞ்சம் மிச்சமானாலும் அது பெரிய விஷயம்.

கனடாவின் ஹெக்கேட் நீரிணையில் 1987இல் கடற்தரையை வரைபடமாக்கியபோது, கண்ணாடிக் கடற்பஞ்சுகளே கட்டியெழுப்பிய திட்டுகள் கண்டுபிடிக்கப்பட்டன. இப்படிப்பட்டவை பல கோடி ஆண்டுகளுக்கு முன்பே அழிந்துவிட்டன என்றுதான் புதைபடிவ ஆய்வாளர்கள் நினைத்திருந்தார்கள். ஏறக்குறைய 9,000 ஆண்டுகளாக வளர்ந்துவருகின்றன, சில இடங்களில் 20 மீட்டர் உயரம். ஒன்றின் எலும்புக்கூட்டின் மேல் இன்னொன்று முளைத்து, இடையில் ஓட்டம் கொண்டுவரும் வண்டலைப் பிடித்து நிரப்பி உயர்கின்றன. வண்டல் வராவிட்டால் கட்டடம் நிற்காது, அதிகம் வந்தால் உயிர் போகும். இந்தக் கடற்பஞ்சுக்கு நரம்பு கிடையாது. ஆனாலும் சேறு பட்டவுடன் உடம்பு முழுக்க ஒரு மின்குறிப்பு பாய்ந்து இறைப்பது நின்றுவிடும்.

வீனஸ் பூக்கூடை என்கிற இன்னொரு கண்ணாடிக் கடற்பஞ்சை 2021இல் சூப்பர் கணினியில் நீரோட்டத்தில் நிறுத்திப் பார்த்தார்கள். அதன் பின்னல் சட்டமும் வெளியே சுருளாக ஓடும் வரப்புகளும் இழுவையைக் குறைக்கின்றன, உள்ளே மெதுவான சுழல்களை உண்டாக்கி நீரை அதிக நேரம் தங்க வைக்கின்றன என்று தெரிந்தது.

வெளிச்சமே இல்லாத ஆழத்தில் உணவு எப்படி வந்து சேர்கிறது?

பொதுவாக மேலிருந்து மெல்ல உதிர்ந்து வரும். சில இடங்களில் நீரோட்டமே அதை விரைவாக இறக்கிவிடும். ஸ்காட்லாந்தின் மிங்குலே தீவுக்கருகே குளிர்நீர்ப் பவளத்திட்டுகள் உள்ளன. வற்று, பெருக்கு ஓட்டம் அந்தத் திட்டின்மேல் ஏறி இறங்கும்போது மேற்பரப்பின் பாசி நிறைந்த நீர் விரைவாகக் கீழே இழுக்கப்பட்டுப் பவளங்களைத் தொடுகிறது. பவளம் அங்கே குடியேறியது தற்செயல் அல்ல. நார்வேயின் ரோஸ்ட் திட்டு ஏறக்குறைய 40 கிலோமீட்டர் நீளம். 2002இல்தான் உலகுக்குத் தெரிந்தது. அதுவும் ஓட்டம் முடுக்கிவிடப்படும் சரிவின் விளிம்பில் இருக்கிறது.

நகர முடியாத உயிர் தன் குஞ்சுகளை எப்படிப் பரப்புகிறது?

ஓட்டத்திடம் ஒப்படைத்துவிடுகிறது. பெரும்பாலானவை விந்தையும் முட்டையையும் நீரில் விடுகின்றன. ஓட்டம் பலமாக இருந்தால் விந்து சீக்கிரம் நீர்த்துப்போய் முட்டையைச் சந்திக்காது. அதனால்தான் நெருக்கமாக வாழ்வதும், எல்லாம் ஒரே நேரத்தில் விடுவதும். பிறகு முட்டையிலிருந்து வரும் லார்வா எனும் குஞ்சுப்பருவ உயிர் சில நாளோ சில வாரமோ மிதக்கும். கடைசியில் தரையில் இறங்க வேண்டும். கொட்டலசின் கடைசி லார்வா சாப்பிடுவதே இல்லை. உணர்கொம்புகளால் பாறைமேல் நடந்து, இடம் பார்த்து, தன் இனத்தின் வாசனை இருக்கிறதா என்று தேடி, பிடித்தால் பசையைக் கக்கி ஒட்டிக்கொள்ளும். அதற்குப் பிறகு மனம் மாற வழியில்லை.

மன்னார் வளைகுடா முத்துச்சிப்பிப் பார்கள் திடீரென்று நிறைவதும் காலியாவதும் நீரோட்டத்தாலா?

பெரும் பங்கு அதற்கு உண்டு. முத்துச்சிப்பியின் லார்வா ஏறக்குறைய மூன்று வாரம் மிதக்கும். பருவக்காற்றோடு திசை மாறும் நீவாடு, அதாவது கடல் நீரோட்டம், அதை எங்கு கொண்டுபோய் விடும் என்பது அந்தந்த ஆண்டைப் பொறுத்தது. பிடித்து வளரக் கடினமான தரை வேண்டும். மணலுக்கு நடுவே ஆங்காங்கே கிடக்கும் பாறைத் தளங்களைத்தான் முத்துக்குளிப்போர் பார் என்கிறார்கள். லார்வா பாரின்மேல் இறங்கினால் வாழ்வு, நாலு மைல் தள்ளி மணலில் இறங்கினால் முடிந்தது.

இதற்கு வரலாற்றில் ஒரு நல்ல சாட்சி பெரிய பார். இலங்கைப் பக்கத்தில், கரையிலிருந்து வெகுதூரத்தில், ஆழ்கடல் சரிவின் விளிம்பில் நீளவாக்கில் கிடக்கும் தளம். முத்துக்குளிப்பு ஆண்டுக்கணக்கில் பொய்த்துப்போகவே, இலங்கை அரசு 1902இல் லிவர்பூல் பேராசிரியர் ஹெர்ட்மனை வரவழைத்தது. 1880க்குப் பிறகு அந்தப் பாரில் குஞ்சுச் சிப்பிகள் குறைந்தது பதினொரு முறை இலட்சக்கணக்கில் பிடித்திருந்ததைப் பதிவேடுகளில் கண்டார். ஒருமுறைகூட முத்துக்குளிக்கும் அளவுக்கு அவை வளரவில்லை. ஒவ்வொரு முறையும் தென்மேற்குப் பருவக்காற்று வந்து துடைத்துவிட்டது. பார் அந்தக் காற்றுக்கு நேரே திறந்து கிடக்கிறது. பெயர்ந்த குஞ்சுகள் சரிவில் உருண்டு ஆழத்துக்குப் போயிருக்கும் என்பது அவர் கணிப்பு. இங்கே பிடிக்கும் குஞ்சுகளை அள்ளிக்கொண்டுபோய், உள்ளே பாதுகாப்பாக இருக்கும் செவல் பார் போன்ற தளங்களில் விடுங்கள் என்று யோசனை சொன்னார்.

ஒரே நீரோட்டம் குஞ்சுகளைக் கொண்டுவந்தும் கொடுத்தது, கொண்டும் போனது. லார்வா இறங்குவதற்கு ஏற்ற இடமும் சிப்பி வளர்வதற்கு ஏற்ற இடமும் வேறு வேறாக இருந்தன. 1903 முதல் சில ஆண்டுகள் முத்துக்குளிப்பு அமோகமாக நடந்தது. அதை நம்பி 1906இல் ஒரு கம்பெனி இருபதாண்டுக் குத்தகைக்கு எடுத்தது, சிப்பி வரத்து நின்று நொடித்துப்போனது. அளவுக்கு மீறி அள்ளியதும் ஒரு காரணம் என்று பலர் சொல்கிறார்கள். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் பல பத்தாண்டுகள் காலியாகக் கிடந்து மறுபடி நிறைந்த வரலாறு அதற்கு முன்பும் இருந்திருக்கிறது. தூத்துக்குடிப் பக்கத்தில் 1961க்குப் பிறகு முத்துக்குளிப்பு நடக்கவில்லை.

இந்த உயிர்கள் நீரோட்டத்தைத் திருப்பி மாற்றுமா?

மாற்றும். மசல் படுகை தரையைச் சொரசொரப்பாக்கிக் கலக்கத்தைக் கூட்டுகிறது, அதனால் மேலிருந்து உணவு இறங்குகிறது. நெதர்லாந்தின் வாடன் கடலில் இளம் மசல் படுகைகள் வற்று, பெருக்கு ஓட்டத்துக்குக் குறுக்கே கோடுகோடாக அமைவதை வானிலிருந்து பார்க்கலாம். அருகில் இருப்பவை ஒன்றையொன்று நாரால் பிடித்துக்கொள்வதால் அலையில் பெயராமல் தப்பிக்கின்றன. கொஞ்சம் தள்ளி இருப்பவையோ உணவுக்குப் போட்டி. பக்கத்தில் நட்பு, தூரத்தில் பகை என்ற இந்தக் கணக்கிலிருந்தே கோடுகள் பிறக்கின்றன என்று ஆய்வகத்தில் வெறும் மசல்களைப் பரப்பி வைத்தே காட்டிவிட்டார்கள்.

இழுவை வலையால் இவற்றுக்கு என்ன பாதிப்பு?

நேரடியாக உடைப்பது எல்லோருக்கும் தெரியும். கிளறிய சேற்றை ஓட்டம் எடுத்துச்செல்லும் தூரம் கணக்கில் வருவதில்லை. வலை தொடாத இடத்தில் நிற்கும் கடற்பஞ்சும் சேறு பட்டால் இறைப்பதை நிறுத்தும், அதாவது சாப்பிடுவதையும் மூச்சு விடுவதையும் நிறுத்தும். ஹெக்கேட் திட்டுகளை 2017இல் பாதுகாப்புப் பகுதியாக அறிவித்தபோது, திட்டைச் சுற்றியும் ஒரு வளையத்தைச் சேர்த்துக்கொண்டது சரியான முடிவு.

நம் கரையில் இதையெல்லாம் நேரில் பார்க்க முடியுமா?

சிரமமே இல்லை. மீன்பிடித் துறைமுகத்தில் நீர் ஏறியிருக்கும்போது தூண்களில் கொட்டலசைப் பாருங்கள். கன்னியாகுமரி மாவட்டத்தில் குளச்சல் பக்கம் அலை மோதும் பாறைகளில் பழுப்புச் சிப்பி கொத்துக்கொத்தாக இருக்கும். சென்னைக் கடற்கரையில் அலை திரும்பும் ஈர மணலில் முட்டை வடிவில் ஒரு சிறு நண்டு புதைந்திருக்கும். எமெரிடா என்பது அதன் அறிவியல் பெயர். ஏறும் அலையை விட்டுவிட்டு, இறங்கும் நீரில் மட்டும் இறகுபோன்ற உணர்கொம்புகளை விரித்து உணவைப் பிடிக்கும். இறங்கும் நீர் மெல்லிய, ஒரே சீரான தாள்போல் ஓடுவதால் அதில் பிடிப்பது எளிது. மணலில் வரிசையாக ஆங்கில வி வடிவக் கீறல்கள் தெரிந்தால் அங்கே தோண்டிப் பாருங்கள்.

ஒரு உயிர் சந்திக்கும் ஓட்டத்தை எப்படி அளக்கிறார்கள்?

ஒலியலை கொண்டு அளக்கும் கருவிகள் இருக்கின்றன, விலை அதிகம். வண்ணச் சாயத்தைச் சிறு குழாயால் விட்டுப் படமெடுப்பது பழைய வழி, கடற்பஞ்சின் வாயில் இன்றும் அதைச் செய்கிறார்கள். மாணவர்களுக்கு நான் சொல்லுவது பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் கட்டி. ஒரே அளவில் அச்சில் வார்த்து, காய வைத்து எடைபோட்டு, பல இடங்களில் கட்டிவிட்டு, ஒரு நாள் கழித்து எடுத்து மறுபடி காய வைத்து எடைபோட வேண்டும். ஓட்டம் அதிகமான இடத்தில் அதிகம் கரைந்திருக்கும். துல்லியமான வேகம் கிடைக்காது, இடத்துக்கு இடம் ஒப்பிடலாம். வெப்பமும் உப்பும் ஒன்றாக இருக்கும் இடங்களுக்குள் மட்டுமே ஒப்பிட வேண்டும்.

வீட்டு உப்புநீர்த் தொட்டியில் கடல் விசிறி வளர்க்கலாமா?

வேண்டாம். இந்தியாவில் பவளங்களும் கடல் விசிறிகளும் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் வருகின்றன, கடலிலிருந்து எடுப்பதும் விற்பதும் குற்றம். சட்டத்தை விட்டுவிட்டுப் பார்த்தாலும், சிறு பம்பு ஒரே திசையில் பீய்ச்சும் நீரில் ஒரு பக்கக் கிளைகள் மடங்கிக் கிடக்கும், மறுபக்கம் பட்டினி கிடக்கும். சில மாதங்களில் கிளைகளின்மேல் பாசி படரத் தொடங்கும், அதற்குப் பிறகு அதைக் காப்பாற்றுவது கடினம்.